சத்தம் கூசுகிறவர்களுக்கு ‘கன்ட்ரி ரோட்ஸ்’ ஒத்துவருமா?

கேள்வி: சத்தம் கூசும் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஜான் டென்வரின் ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ (1971) போடலாமா? எந்த இடம் உறுத்தும் என்று எப்படிக் கணிப்பது?

பதில் 1: தொடக்கம் சாது. கிடாரும் ஒற்றைக் குரலும்தான், வேகமும் நிதானம். பல்லவியைக் கவனிங்க: கூட்டுக்குரல் சேர்ந்ததும் ஒலி அகன்றுவிடும். கடைசிப் பல்லவிதான் உச்சம். ஏற்றம் படிப்படியாக வருவதால் திடுக்கிட வைக்காது, ஆனால் குரல் நெரிசல் சிலருக்கு ஆகாது.

பதில் 2: காதை மட்டும் நம்பாதீங்க. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாட்டைத் திறந்து முதல் சரணத்தில் 10 விநாடி, கடைசிப் பல்லவியில் 10 விநாடி தேர்ந்தெடுத்து ஆர்எம்எஸ் அளவை (சராசரி ஒலி அளவை) ஒப்பிடுங்க. 6 டெசிபல் போல வித்தியாசம் இருந்தால் வால்யூமைப் பல்லவிக்கு ஏற்ப வையுங்க. பலர் மெதுவான தொடக்கத்தைக் கேட்டு வால்யூமைக் கூட்டிவிடுவாங்க, சிக்கலே அங்கேதான். அந்த வித்தியாசம் குறைவாக இருந்தாலும், பாட்டில் வரும் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியம் காதைக் குத்தலாம். நம்ம காது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்ணில் ரொம்பக் கூர்மை. கம்பியை மீட்டும் ‘டிங்’ அங்கேயும் விழும். ஈக்வலைசரில் (ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அந்தப் பகுதியை 3, 4 டெசிபல் இறக்குங்க. அதற்கும் மேல் இறக்கினால் பாட்டு வரியே மங்கிப்போகும்.

பதில் 3: மேடைப் பதிவு வேண்டவே வேண்டாம், கைதட்டல் திடீர்னு வெடிக்கும். விளம்பரம் குறுக்கிடாத கோப்பாக எடுத்துக்கோங்க. ஸ்பீக்கரைப் பிள்ளைகளின் காது உயரத்தில் வைக்காதீங்க. ‘இப்போ நிறையப் பேர் சேர்ந்து பாடுவாங்க’ என்று பல்லவிக்கு முன்னாடியே சொல்லுங்க.