விலைக்கு வாங்கிய மென்பொருளை 'நாங்கள் உருவாக்கியது' என்று சொல்லலாமா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மூவரில் ஒருவன்:
நாங்கள் மூன்று பேர் நான்கு ஆண்டுகள் எழுதிய நிரலை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. பணத்தில் அவர்கள் குறை வைக்கவில்லை. அடுத்த பதிப்பு வெளியான அன்று உதவிப் பட்டியலில் உள்ள அறிமுகச் சாளரத்தைத் திறந்தேன். எங்கள் பெயர்கள் இருந்த வரி நீக்கப்பட்டு, நிறுவனத்தின் பெயரும் அவர்கள் வாங்கிய ஆண்டும் மட்டுமே இருந்தன. அந்த ஆண்டில்தான் நிரலே பிறந்தது என்பதுபோல. அதை மூட எனக்கு வெகு நேரம் பிடித்தது.

பயிற்றுநர்:
என்னை உறுத்துவது வேறு. பவர்பாயிண்ட் மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது என்றே பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்து, ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் உருவாக்கிய அந்த மென்பொருள் 1987 ஏப்ரலில் மேக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது என்றும், அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது என்றும் நிதானமாகச் சொல்லிவிட்டு அமர்ந்தார். அதற்கு முன் என்னிடம் படித்துச் சென்றவர்களிடம் இதை எப்படித் திருத்துவேன்?

வாங்கிய பக்கம்:
நான் இருவரோடும் முழுதாக உடன்படவில்லை. வாங்கிய ஒரு நிரலை இரண்டு ஆண்டுகள் திருத்தி எழுதி, அதைக் கூட்டத்தில் காட்டி முடித்தபோது, "இது நீங்கள் வாங்கியதுதானே?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் சுடுகிறது. ஆண்ட்ராய்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் டிஜிட்டல் கேமராக்களுக்கான இயங்குதளம் என்ற எண்ணத்தோடு தொடங்கிய அந்தச் சிறு நிறுவனத்தைக் கூகுள் 2005இல் வாங்கியது. முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008இல்தான் விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளின் உழைப்பு கூகுளின் செலவில், கூகுளின் ஊழியர்களால் நடந்தது. பயிற்றுநர் சொன்ன பவர்பாயிண்ட்டோ வாங்கும்போதே விற்பனையில் இருந்த பொருள். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

நிரலகம் எழுதியவர்:
பிற நிரலர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பான என் நிரலகத்தையும் விற்றிருக்கிறேன். பெயர் தங்கியது, நான் கேட்டு வாங்கியதால். மூவரில் ஒருவருக்குச் சொல்கிறேன்: அடுத்த முறை கையெழுத்திடும் முன், படைப்பாளர் பெயர்கள் எந்தச் சாளரத்தில், எத்தனை பதிப்புகள் வரை இடம்பெறும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். பொருளாதார உரிமைகளைக் கைமாற்றிய பின்னும் ஆக்கியவர் தாமே என்று கோரும் உரிமையைப் பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை படைப்பாளிக்கு அளிக்கிறது என்றாலும், பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. பெயரை வைத்திருப்பதால் வாங்கியவருக்கு நட்டமும் இல்லை. ஃபோட்டோஷாப்பை அடோபி 1990இல் வெளியிட்டது, ஆனால் அதைத் தம் தம்பியோடு சேர்ந்து தொடங்கிய தாமஸ் நோலின் பெயர் பல பதிப்புகளின் தொடக்கத் திரையில் முதலாவதாக இருந்தது. பழைய நிறுவல் கோப்பு இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

மூவரில் ஒருவன்:
அப்படியொரு வரியைக் கேட்கலாம் என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கோப்பு இருக்கிறது. நேற்று இரவு அதை நிறுவிப் பார்த்தேன். மூன்று பெயர்களும் இருந்தன.