ஐலேண்ட் வைத்த சமையலறையில் எது இடித்தது? பார்த்ததைச் சொல்லுங்கள்

கோவை மாடுலர்
12 அடி அகலச் சமையலறை. ஒரு சுவரில் 2 அடி மேடை, எதிர்ச்சுவரில் ஃப்ரிட்ஜ், நடுவில் இரண்டரை அடி அகல ஐலேண்ட், அதாவது சுவரைத் தொடாமல் தனியே நிற்கும் மேடை. வரைபடத்தில் இரண்டு பக்கமும் 30 அங்குல வழி. ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி வைக்க வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இறக்கி வைத்த அன்று கதவு கிரானைட் விளிம்பில் முட்டி நின்றது. காய்கறி டிரே வெளியே வரவே இல்லை. அதற்குக் கதவு 90 டிகிரிக்கு மேல் திறக்க வேண்டும். மேடை வரிசையின் ஓரத்திலேயே ஃப்ரிட்ஜை வரைந்திருந்தால் மொத்தம் 90 அங்குலம் மிஞ்சும். அடுப்புப் பக்கம் 42, மறுபக்கம் 48 என்று பிரிக்கலாம்.

சமையல்கட்டு
அண்ணா, அடுப்புப் பக்கம் 42 என்பது ஒருத்தர் சமைக்கிற வீட்டுக்குத்தான். காலையில் ஒருத்தர் தோசை ஊற்ற, இன்னொருத்தர் டப்பா கட்டுகிற வீட்டில் அந்தப் பக்கம்தான் 48 வேண்டும். நீங்கள் மாற்றிச் சொல்கிறீர்கள். பாத்திரம் கழுவும் மெஷின் இருந்தால் இன்னும் மோசம், கதவே ஏறக்குறைய 2 அடி வெளியே விழும்.

நான் பார்த்தது வேறு. விருந்து நாள், பத்துத் தேங்காய் உடைத்து வைத்தாயிற்று, திருகு வைத்த துருவியை மாட்ட ஐலேண்டில் இடமே இல்லை. இரட்டைக் கல் ஒட்டி விளிம்பை 40 மி.மீ. தடிமனாக்கி, அலமாரியோடு சமமாக முடித்திருந்தார்கள். ஒரு பக்கமாவது ஒற்றைக் கல்லாக ஒன்றரை அங்குலம் நீட்டி விடச் சொல்லுங்கள்.

வயரிங் சேலம்
கிரைண்டர் ஓடுது, எக்ஸ்டென்ஷன் வயர் சுவரிலிருந்து ஐலேண்டுக்குத் தரையில் கிடக்குது, அதைத் தாண்டி மாவுத் தண்ணி. இதை ஒரே ஒரு வீட்டில் பார்க்கலைங்க. டைல்ஸ் போடும் முன்னாடியே 25 மி.மீ. பைப் இரண்டு போட்டுவிடணும், ஒன்று சும்மா கிடக்கட்டும். திருப்பத்தில் எல்போ வேண்டாம், நீள பெண்டு போடுங்க, இல்லாட்டி பின்னாடி வயர் இழுக்க வராது. 2000 வாட் இண்டக்‌ஷன் 9 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட், தனி சர்க்யூட். மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். சாக்கெட் பக்கவாட்டில், கல்லுக்கு 4 அங்குலம் கீழே. மேலே வைத்தால் தண்ணி இறங்கும்.

பிளம்பிங் & சிவில்
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஐலேண்டில் சிங்க் கேட்பவர்கள் முதலில் தரையைப் பாருங்கள். கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு. 8 அடி தூரத்துக்கு அதுவே 60 மி.மீ. இறக்கம், அதோடு குழாயின் விட்டம். தளம் பள்ளமாக விடாத அபார்ட்மென்டில் இதற்கு வழியில்லை. சரிவைக் குறைத்து ஓட்டினால் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் தங்கி மாதாமாதம் அடைக்கும். சிங்க் சுவரோரமே இருக்கட்டும்.

காஸ் அடுப்பும் அப்படித்தான். ஹாலோடு திறந்த சமையலறையில் மின்விசிறி போட்டால் ஜ்வாலை சாயும், சிம்மில் அணைந்தே போகும்.

அப்புறம் உயரம். இதைத்தான் யாரும் பேசவில்லை. 36 அங்குல ஐலேண்டுக்கு 24 முதல் 26 அங்குல உயர ஸ்டூல் வேண்டும், அதில் பாட்டி எப்படி ஏறி உட்கார்வார்? ஒரு முனையை 30 அங்குலத்துக்கு இறக்குங்கள். அது சாப்பாட்டு மேசை உயரம், சாதாரண நாற்காலியே போதும். கால் நீட்ட அடியில் 18 அங்குலம் காலியாக விட்டால் உட்கார்ந்தே கீரை ஆயலாம். சப்பாத்தி தேய்க்கவும் அந்த உயரம்தான் சுகம், தோள் வலிக்காது. கிரைண்டரும் அங்கேதான்; 34 அங்குல மேடையில் வைத்தால் கல்லைத் தூக்கும்போது கை நெஞ்சுக்கு மேலே போகும். நீட்டிய கிரானைட் 6 அங்குலத்தைத் தாண்டினால் அடியில் இரும்புத் தாங்கி கொடுங்கள், 18 மி.மீ. கல் சதுர மீட்டருக்கு 48 கிலோ கனம்.

கோவை மாடுலர்
48 விஷயம் சரிதான், சமையல்கட்டு. இரண்டு பேர் நிற்கிற வீட்டில் அடுப்புப் பக்கமே அகலமாக இருக்கட்டும். எந்த அளவானாலும், வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் சாக்பீஸால் தரையில் ஐலேண்டை வரைந்து, ஃப்ரிட்ஜ் கதவு, டிராயர் எல்லாவற்றையும் திறந்த நிலையில் கோடு போடுங்கள். 20 அங்குல டிராயரை இழுத்துவிட்டு அதன் முன்னால் ஒருத்தரை நிற்க வைத்துப் பார்க்கணும்.