விட்சர் 3: படகும் எதிர்க்காற்றும்

கீழக்கரையான்:
2015 மே மாதம் வெளிவந்த ‘விட்சர் 3’ வீடியோ விளையாட்டை இரண்டாம் முறையாக முடித்துவிட்டேன். அதில் வரும் ஸ்கெல்லிகே தீவுகளைச் சூழ்ந்த கடலைப் போல உண்மையான கடல் வேறு எந்த விளையாட்டிலும் இல்லை. நம் கடற்கரையில் பிறந்த எவரும் இதை ஒப்புக்கொள்வார். 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அதில் நாமே ஓட்டிச் செல்ல ஒரு படகும் கிடையாது.

பாம்பன்காரன்:
காக்கா (அண்ணன் என்றுதான் பொருள்), கடற்கரையில் பிறந்த எல்லோருக்கும் சேர்த்து நீங்களே கையெழுத்துப் போட வேண்டாம். அந்தப் படகை ஒருமுறையாவது உற்றுப் பார்த்தீர்களா? பொத்தானை அழுத்தினால் பாய் விரிகிறது, காற்று எந்தத் திசையில் இருந்தாலும் படகு அம்பு போலப் போகிறது. என் தாத்தா பாய்வத்தை என்னும் பாய்மரப் படகு ஓட்டியவர். ஆடி மாதத்தில் மேல்காற்றான கச்சான் முகத்தில் அடிக்கும்போது தென்கடலில் மேற்கே போக வேண்டுமானால், பாயை ஒரு பக்கம் கட்டிக் குறுக்கே ஓடி, பிறகு மறுபக்கம் மாற்றிக் கட்டித் திரும்பி ஓடி, உள்ளங்கைத் தோல் கயிற்றில் உரிந்துபோகும் அளவுக்கு இழுத்துத்தான் கரை பிடிப்பார். எதிர்க்காற்றில் நேராகப் போகிற பாய்ப்படகை உண்மையான கடல் என்று எப்படி எழுதுகிறீர்கள்?

தேவிபட்டினத்தான்:
படகை விடுங்கள். ஸ்கைரிமில் கண்ணுக்குத் தெரிகிற மலையில் ஏறலாம், மூலக்கதையைத் தொடாமலே நூறு மணி நேரம் திரியலாம், மந்திரவாதியாகவோ திருடனாகவோ வாழலாம். விட்சரில் நீங்கள் கெரால்ட் என்ற ஒரே நாயகன் மட்டுமே.

கீழக்கரையான்:
அந்தச் சுதந்திரத்தில் நீங்கள் தண்ணீரில் இறங்கியதும் வாளையும் வீச முடியாது, மந்திரமும் செய்ய முடியாது. கெரால்ட் நீருக்கடியிலும் குறுக்குவில்லால் சுடுகிறான். கதையைப் பாருங்கள்: மரத்துக்குள் அடைபட்ட ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்று நாம் எடுக்கும் முடிவு, எங்கோ இருக்கும் அநாதைக் குழந்தைகளின் உயிரையும் பாரன் எனப்படும் பிரபுவின் மனைவியுடைய கதியையும் மாற்றிவிடுகிறது. இதற்கு ஈடான ஒரு கட்டம் ஸ்கைரிமில் உண்டா?

பாம்பன்காரன்:
பாரன் கதையை நானும் வாய் அடைத்துப்போய்த்தான் விளையாடினேன். அதை யாரும் மறுக்கவில்லை. நான் கேட்டது பாய். அதற்குப் பதில் வரவில்லை. போன ஆண்டு அலைகளைப் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியில் கரையேறினீர்கள், நான் மறக்கவில்லை. அந்தக் கடலில் இருப்பதுதான் என்ன? வரைபடம் முழுக்கக் கேள்விக்குறிகள். ஒவ்வொன்றையும் தேடிப் போனால் மிதக்கும் பீப்பாய்களும், மேலே வட்டமடிக்கும் சைரன் என்ற சிறகுள்ள கடல் அரக்கிகளும்தான். இருபது பீப்பாய்களுக்குப் பிறகு எனக்கு அலுத்துவிட்டது.

கீழக்கரையான்:
கடலைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சீதக்காதி காலத்திலேயே கப்பல் வைத்து வணிகம் செய்த ஊர் எங்களுடையது.

பாம்பன்காரன்:
கப்பலின் சொந்தக்காரர் வேறு, சுக்கான் பிடித்தவர் வேறு. சுக்கான் பிடித்தவர் வீட்டிலிருந்து கேட்கிறேன்: எதிர்க்காற்றில் படகு எப்படி நேராகப் போகிறது?

தேவிபட்டினத்தான்:
ஸ்கைரிமின் ஆண்டுவிழாப் பதிப்பில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கவே வழி செய்திருக்கிறார்கள் என்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள்.

பாம்பன்காரன்:
தம்பி, அந்தப் பதிப்பு வந்தது 2021 நவம்பரில். பத்து ஆண்டுகள் கழித்து வந்த தூண்டிலைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். நாம் எவ்வளவு பலம் பெற்றாலும் எதிரிகளும் கூடவே வளர்ந்துகொண்டே வருகிற குறைக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

தேவிபட்டினத்தான்:
எல்லா எதிரிகளும் அப்படி வளர்வதில்லை. ராட்சதர்கள் தொடக்கத்தில் நம்மை ஒரே அடியில் வானத்துக்கு அனுப்புவார்கள். பிற்பாடு அவர்களை நாமே வீழ்த்துகிறோம். விளையாடாமல் பேச வேண்டாம், அண்ணன்.

கீழக்கரையான்:
நிஜக் காற்றை வைத்தால் ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போகவே ஒரு மாலை கழிந்துவிடும். விளையாடுகிறவர்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். பாய் நேராகப் போவது ஒரு குறையே அல்ல.

பாம்பன்காரன்:
அப்படியானால் வசதியான கடல் என்று எழுதுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். உண்மையான கடல் என்று எழுதியவர் நீங்கள். அந்தச் சொல்லை நீங்கள் எடுக்கும்வரை நான் இதையே கேட்பேன்.

கீழக்கரையான்:
எடுக்க மாட்டேன். இன்று இரவு மூன்றாம் முறையாகத் தொடங்குகிறேன். ஸ்கெல்லிகே சேர்ந்ததும் படங்களோடு வருகிறேன்.

பாம்பன்காரன்:
வாருங்கள் காக்கா. படத்தில் மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, பாய் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறது என்பதும் தெரியட்டும்.