ஆரிஜினில் அடுக்கிய எக்ஸ்ஆர்டி வரைபடம்: ஒரு கோட்டைத் தொட்டால் ஐந்தும் மாறுகிறது

கேள்வி: படிகத்தூள்

எல்லோருக்கும் வணக்கம். டைட்டானியம் டைஆக்சைடு மாதிரிகள் ஐந்து: சூடாக்காதது ஒன்று, 400, 500, 600, 700 °C-இல் சூடாக்கியவை நான்கு. ஒவ்வொன்றுக்கும் 10° முதல் 80° வரை, 0.02° இடைவெளியில் எடுத்த எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) தரவு இருக்கிறது. ஐந்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக ஆரிஜின் என்ற வரைபட மென்பொருளில் வரைந்திருக்கிறேன். மவுஸால் திருத்தப் போனால் இந்தச் சிக்கல்கள் வருகின்றன:

ஒரு கோட்டை டபுள் கிளிக் செய்து சிவப்பாக்கினால் மற்ற நான்கின் நிறமும் சேர்ந்து மாறுகிறது. செங்குத்து அச்சின் எல்லையை நான் குறித்து வைத்த பிறகும், புதிதாக ஒரு கோடு சேர்த்தால் எல்லை தானாக நகர்ந்துவிடுகிறது. எழுத்தின் அளவு 22 என்று காட்டுகிறது, வேர்டில் ஒட்டினால் படிக்கவே முடியவில்லை. படச்சட்டத்தின் மூலையை இழுத்தால் எழுத்தும் பெரிதாகிச் சிறிதாகிறது.

அடுக்குவதற்காக ஒவ்வொரு நெடுவரிசையிலும் 2000, 4000 என்று கூட்டி வைத்திருக்கிறேன். இது சரியான வழியா? கடைசியாக, 600 °C கோட்டில் 52.3° அருகே ஊசிபோல ஒரு புள்ளி மட்டும் மேலே நிற்கிறது. அதை மவுஸால் கீழே இழுத்துவிடலாமா?

பதில் 1: அச்சும் அளவும்

முதல் மூன்று சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். ஆரிஜினில் ஒரு வரைபடம் பக்கம், லேயர் (அச்சுகள் அடங்கிய சட்டம்), கோடு என்று மூன்று மட்டங்களாக இருக்கிறது. எந்த மட்டத்தில் இருக்கிறோம் என்று பார்க்காமல் திருத்தினால் மாற்றம் வேறெங்கோ போய் விழும். கோட்டை டபுள் கிளிக் செய்ததும் திறக்கும் பிளாட் டீடெய்ல்ஸ் சாளரத்தின் இடப்பக்கத்தில் இந்த மூன்றும் மரமாக விரிந்திருக்கும். வலப்பக்கத்தில் எதையும் தொடுவதற்கு முன், இடப்பக்கத்தில் எது தேர்வாகி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

நிறம்: ஐந்து நெடுவரிசைகளையும் ஒன்றாகத் தேர்ந்து வரைந்ததால் ஆரிஜின் அவற்றை ஒரு குழுவாகக் கட்டிவிட்டது. பிளாட் டீடெய்ல்ஸில் கோட்டு மட்டத்தில் குரூப் என்ற பக்கத்துக்குப் போங்கள். எடிட் மோடு அங்கே டிபென்டென்ட் என்று இருக்கும். அதை இன்டிபென்டென்ட் ஆக்கினால் ஒவ்வொரு கோடும் தனித்தனி. ஆனால் உங்கள் படத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வெப்பநிலை படிப்படியாக ஏறும் வரிசை இது, நிறமும் ஒரு வரிசையில் போவதுதான் பொருத்தம். டிபென்டென்டாகவே விட்டுவிட்டு, அதே பக்கத்தில் லைன் கலர் வரிசையின் டீடெய்ல்ஸ் கட்டத்தைச் சொடுக்கி நிறப்பட்டியலையே மாற்றுங்கள். முதல் நிறம் முதல் கோட்டுக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு. பிறகு கோடுகளின் வரிசையை மாற்றினாலும் நிற ஒழுங்கு கெடாது.

அச்சு: அச்சின் மேல் டபுள் கிளிக், ஸ்கேல் பக்கம், ஃப்ரம், டு இரண்டையும் எழுதுங்கள். அதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் கீழே ரீஸ்கேல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அது நார்மல் அல்லது ஆட்டோவில் இருந்தால் மென்பொருளுக்கு எல்லையை நகர்த்த அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். மேனுவல் போடுங்கள். சாளரத்தின் இடப்பக்கத்தில் கிடை, செங்குத்து இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஒன்றில் செய்தது மற்றதற்குப் போகாது.

எழுத்து: இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பக்கம் 28 செ.மீ அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஆய்விதழின் ஒற்றைப் பத்தி சுமார் 8.5 செ.மீ. படத்தைச் சுருக்கும்போது எல்லாம் 0.3 மடங்காகிறது. 22 புள்ளி (பாயின்ட்) எழுத்து 6.7 ஆகிறது, 0.5 புள்ளிக் கோடு 0.15 ஆகி அச்சில் மறைந்தே போகிறது. எழுத்தை 36, 40 என்று ஏற்றிக்கொண்டே போவது தீர்வு இல்லை. பக்கத்தையே கடைசி அளவில் வையுங்கள். பிளாட் டீடெய்ல்ஸில் பக்க மட்டம், பிரின்ட்/டைமென்ஷன்ஸ், அலகு செ.மீ, அகலம் 8.5. உயரம் உங்கள் விருப்பம், ஐந்து கோடுகளை அடுக்க 10 அல்லது 11 வேண்டியிருக்கும்.

அடுத்து லேயர் மட்டத்துக்கு வந்து அளவுப் பக்கத்தைத் திறங்கள். ஸ்கேல் எலிமென்ட்ஸ் என்ற இடத்தில் ‘ஸ்கேல் வித் லேயர் ஃப்ரேம்’ தேர்வாகி இருக்கும். மூலையை இழுத்தால் எழுத்து ஊதிச் சுருங்குவதற்கு இதுதான் காரணம். பெட்டியில் 22 என்று போட்டாலும் பக்கத்தில் நிஜமாக 22 இல்லாமல் போவதும் இதனால்தான். ஃபிக்ஸ்டு ஃபேக்டர் தேர்ந்து 1 என்று கொடுங்கள். இனி 8 என்றால் 8 தான். அச்சுத் தலைப்புக்கு 9, அச்சு எண்களுக்கு 8, கோட்டுக்கு 0.75 முதல் 1, அச்சுக் கோட்டுக்கு 0.75 புள்ளி. இந்த அளவில் திரையில் படம் சின்னதாகத் தெரியும், அதற்காக எழுத்தை ஏற்றாதீர்கள். ஏ விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பார்வை மட்டும் பெரிதாகும், படத்தின் அளவு மாறாது.

ஏற்றுமதி செய்யும்போது 600 டிபிஐ போட்டால் 8.5 செ.மீ-க்கு ஏறக்குறைய 2008 பிக்சல் வரும், அது போதும். கோட்டுப் படத்துக்கு ஜேபெக் வேண்டாம். எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல ஆகிவிடும். ஆய்விதழ் பிடிஎஃப் அல்லது இபிஎஸ் ஏற்றால் அதையே கொடுங்கள்.

பதில் 2: கோட்டுச்சித்திரன்

மேலே சொன்னதெல்லாம் சரி. அடுக்குவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

நெடுவரிசையில் 2000, 4000 என்று கூட்டியதை எடுத்துவிடுங்கள். அந்த எண்கள் இனி கருவி தந்த எண்கள் இல்லை. நாளை 700 °C மாதிரியில் அனடேஸ், ருட்டைல் என்ற இரு படிக வடிவங்களின் முகடுகளை ஒப்பிட்டு விகிதம் எடுக்க உட்கார்ந்தால், 8000 கூட்டியிருப்பது நினைவில் இருக்காது. முதன்மைத் தரவை அப்படியே விட்டுவிட்டு, லேயர் மட்டத்தில் ஸ்டேக் பக்கத்துக்குப் போய் ஆஃப்செட்டை (கோடுகளுக்கு இடையே விடும் தூரம்) கான்ஸ்டன்ட் ஆக்கி ஒரு மதிப்பு கொடுங்கள். கோடுகள் திரையில் மட்டும் மேலேறும், தரவு ஏட்டில் (வொர்க்ஷீட்) எண்கள் மாறாது. ஆட்டோ போட்டால் அதுவே இடைவெளி பார்த்துக்கொள்ளும். ஆனால் வலிமையான ஒரு முகட்டுக்காக எல்லாவற்றையும் தள்ளிவிடுவதால் படத்தில் வெற்றிடம் நிறைய வரும்.

எவ்வளவு கொடுப்பது? உங்கள் முகடுகள் எல்லா மாதிரியிலும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் வருகின்றன. அதனால் ஆஃப்செட் முகட்டு உயரத்தைவிடக் குறைந்தால் 25.3°-இல் கீழ்க்கோட்டின் (101) என்ற படிகத் தளத்தின் முகடு மேல்கோட்டின் அடியில் போய் முட்டும். மிக உயர்ந்த முகட்டைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வைத்தால் போதும். ஒவ்வொன்றையும் அதன் உச்சத்தால் வகுத்து 1 ஆக்கி, 1.1 ஆஃப்செட் கொடுக்கிறவர்களும் உண்டு. பார்க்க அழகுதான். மாதிரிகளுக்கு இடையே செறிவு வேறுபாடு அதில் மறைந்துவிடும். செய்தால் தனி நெடுவரிசையில் செய்யுங்கள், பட விளக்கத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

அடுக்கிய பிறகு செங்குத்து அச்சில் எண்களுக்குப் பொருள் கிடையாது. எண்களை நீக்கிவிட்டுத் தலைப்பை மட்டும் விடுங்கள். பின்னால் மடக்கை அச்சுக்கு மாற்ற நினைத்தால் கவனம்: அங்கே ஒரே எண்ணைக் கூட்டினால் தாழ்ந்த பகுதி மட்டும் அதிகம் நகர்ந்து கோட்டின் வடிவமே கெடும். 10, 100 என்று பெருக்கித்தான் அடுக்க வேண்டும்.

லெஜண்டையும் (எந்தக் கோடு எது என்று காட்டும் பெட்டி) பாருங்கள். அதற்குள் கையால் தட்டச்சு செய்யாதீர்கள், அது நெடுவரிசையின் லாங் நேமிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பெயரை ஏட்டிலேயே திருத்தினால் எல்லாப் படங்களிலும் சேர்ந்து மாறும். வேதிவாய்பாட்டில் கீழெழுத்து வேண்டுமானால் \-(2) என்றும், மேலெழுத்துக்கு \+(2) என்றும் லாங் நேமிலேயே எழுதலாம். உண்மையில் ஐந்து கோட்டு அடுக்குக்கு லெஜண்ட் பெட்டியே தேவையில்லை. ஒவ்வொரு கோட்டின் வலது முனையிலும் வெப்பநிலையை எழுதிவிட்டால் கண் அங்குமிங்கும் அலையாது.

பதில் 3: அலைநீளம் 1.5406

52.3° புள்ளியைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து இழுக்காதீர்கள்.

டேட்டா பட்டியலில் மூவ் டேட்டா பாயின்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்துப் புள்ளியை இழுத்தால் படம் மட்டும் மாறுவதில்லை, ஏட்டில் இருக்கும் எண்ணும் மாறுகிறது. சேமித்து மூடிவிட்டால் பழைய எண் போனது போனதுதான். எந்தப் புள்ளியைத் தொட்டீர்கள் என்பதற்குத் தடயமும் இருக்காது. ஆய்வுத் தரவில் அந்தக் கருவிக்கு வேலையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அது முகடா, பழுதா என்று பாருங்கள். ஸ்கேல் இன் கருவியால் 51.5° முதல் 53° வரை கட்டம் போட்டுப் பெரிதாக்குங்கள். கோட்டுக்குக் குறியும் சேர்த்துப் புள்ளிகளைத் தெரியவையுங்கள். பொதுவான ஆய்வகக் கருவியில் முகட்டின் குறைந்தபட்ச அகலமே ஏறக்குறைய 0.1° இருக்கும், அதாவது 0.02° இடைவெளியில் ஐந்து புள்ளிகளாவது மேலேறி இறங்க வேண்டும். நானோ துகள் என்றால் இன்னும் அகலம். ஒரே ஒரு புள்ளி மட்டும் துள்ளி நின்றால் அது விளிம்பு விளைவு அல்ல, கண்டறியியின் மின்துடிப்பு. தவிர, அந்த இடத்தில் அனடேஸுக்கோ ருட்டைலுக்கோ முகடு கிடையாது. அனடேஸின் (105), (211) முகடுகள் 53.9°, 55.1° அருகே வரும், ருட்டைலின் (211) 54.3° அருகே.

பழுதுதான் என்று தெரிந்தால் மாஸ்க் செய்யுங்கள். கருவிப்பட்டையில் ரீஜனல் மாஸ்க்கை எடுத்து அந்தப் புள்ளியைச் சுற்றிக் கட்டம் போட்டால் அது நிறம் மாறும். எண் ஏட்டில் அப்படியே இருக்கும், பொருத்தக் கணக்குகளில் மட்டும் சேராது. வேண்டாம் என்றால் மாஸ்க்கை எடுத்துவிடலாம். பட விளக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மீண்டும் அளக்க மாதிரி கையில் இருந்தால் 50° முதல் 57° வரை மட்டும் இன்னொருமுறை ஓட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

கேள்வி தொடர்ச்சி: படிகத்தூள்

மிக்க நன்றி. நிறம், எழுத்து, அடுக்கு மூன்றும் சரியாகிவிட்டன. மாஸ்க்கும் செய்துவிட்டேன். இன்னும் இரண்டு. (101) பகுதியை மட்டும் 24° முதல் 27° வரை உள்படமாகச் சேர்த்தேன். இப்போது ரீஸ்கேல் அழுத்தினால் சிலசமயம் பெரிய படம் மாறுகிறது, சிலசமயம் உள்படம் மாறுகிறது. முகடுகளின் மேல் (101), (004) என்று எழுதியவை அச்சு எல்லையை மாற்றினால் முகட்டை விட்டு விலகி நிற்கின்றன. பெரிய படத்தில் (101) முகடு உள்படத்தில் தெரிவதைவிடக் குட்டையாகவும் இருக்கிறது.

பதில் 4: அச்சும் அளவும்

வரைபடத்தின் மேல் இடது மூலையில் 1, 2 என்று சின்னப் பெட்டிகள் தெரிகின்றன அல்லவா? அவைதான் லேயர்கள். எது அழுத்தியபடி இருக்கிறதோ அதுதான் செயலில் இருக்கும் லேயர். கன்ட்ரோல்+ஆர், புதுக் கோடு சேர்ப்பது எல்லாம் அதற்குத்தான் போகும். முதலில் பெட்டியைச் சொடுக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உள்படத்தின் இரு அச்சுகளிலும் ரீஸ்கேலை மேனுவல் ஆக்கிவிடுங்கள்.

இரண்டாம் லேயரின் பிளாட் டீடெய்ல்ஸில் லிங்க் ஆக்சிஸ் ஸ்கேல்ஸ் பக்கத்தையும் பாருங்கள். முதல் லேயருடன் இணைப்பு இருப்பது நல்லது, அளவின் அலகை இணைத்த லேயரின் சதவீதமாக வைத்தால் பெரிய படத்தை நகர்த்தும்போது உள்படமும் கூடவே வரும். ஆனால் எக்ஸ் அச்சின் இணைப்பு ‘ஸ்ட்ரெய்ட்’ என்று இருந்தால் உள்படமும் 10° முதல் 80° வரை விரிந்துவிடும். அதை ‘நன்’ ஆக்குங்கள். ஒரே எக்ஸ் அச்சில் இரண்டு ஒய் அச்சு வரையும்போதுதான் ‘ஸ்ட்ரெய்ட்’ வேண்டும்.

எழுத்துகள் விலகுவது அவை எதோடு ஒட்டியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. எழுத்தின் பண்புகளில் ‘அட்டாச் டு’ என்ற தேர்வு இருக்கும், சில பதிப்புகளில் ரைட் கிளிக் பட்டியலில் புரோகிராமிங் என்ற பெயருக்குள். பக்கத்தோடு ஒட்டினால் எதை மாற்றினாலும் நகராது. லேயர் சட்டத்தோடு ஒட்டினால் சட்டத்தோடு போகும். லேயர் அளவுகோலோடு ஒட்டினால் 25.3° எங்கே போகிறதோ அங்கே எழுத்தும் போகும். முகட்டுக் குறிகளுக்கும் குத்துக்கோடுகளுக்கும் மூன்றாவதுதான் சரி. வெப்பநிலை எழுத்துகளுக்கு இரண்டாவது.

குட்டை முகட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பீடு மோடு. உங்கள் ஒவ்வொரு கோட்டிலும் 3501 புள்ளிகள். லேயர் மட்டத்தில் குறித்த வரம்பைத் தாண்டினால் எல்லாப் புள்ளிகளையும் திரையில் வரையாமல் சிலவற்றை விட்டுவிடும். கூர்மையான முகட்டின் உச்சிப் புள்ளி விடுபட்டால் முகடு குட்டையாகத்தான் தெரியும். உள்படத்தில் புள்ளிகள் குறைவு, அதனால் அங்கே முழுதாக வந்துவிட்டது. அளவு/வேகப் பக்கத்தில் அதை அணைத்துவிட்டு முகடு உயர்கிறதா என்று பாருங்கள்.

பதில் 5: கோட்டுச்சித்திரன்

இவ்வளவும் செய்த பிறகு ஃபைல் பட்டியலில் சேவ் டெம்ப்ளேட் ஆஸ் கொடுத்து ஒரு வார்ப்புருவாகச் சேமித்துவிடுங்கள். பக்க அளவு, ஃபிக்ஸ்டு ஃபேக்டர், நிறப்பட்டியல் எல்லாம் அதில் தங்கும். ஆய்வேட்டில் இருபது படம் இருந்தால் இருபதிலும் எழுத்து ஒரே அளவாக இருக்க இதைவிட எளிய வழி இல்லை. ஏற்கெனவே வரைந்து வைத்த படங்களுக்கு, திருத்திய படத்தில் ரைட் கிளிக் செய்து காப்பி ஃபார்மட், பழைய படத்தில் பேஸ்ட் ஃபார்மட். ஆனால் ‘ஆல்’ என்று எல்லாவற்றையும் எடுத்தால் அச்சு எல்லையும் கூடவே போய் ஒட்டக்கூடும். ஒட்டியதும் எல்லைகளைச் சரிபாருங்கள். வேண்டியது நிறமும் எழுத்தும் மட்டும் என்றால் பட்டியலில் அவற்றைத் தனியாகத் தேர்ந்தெடுங்கள்.

உரிமம் துறைக் கணினியில் மட்டும் இருந்தால், வீட்டில் கோப்பைத் திறந்து பார்க்க ஆரிஜின் வியூவர் இலவசமாகக் கிடைக்கிறது. பார்க்கலாம், திருத்த முடியாது. திருத்தியே ஆகவேண்டும் என்றால் லேப்பிளாட் கட்டற்ற மென்பொருள், ஆரிஜின் கோப்புகளை ஓரளவு இறக்கிக்கொள்ளும். எண்கள் வந்துவிடும், வடிவமைப்பு முழுதாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.