பழைய 1.8 டர்போ பெட்ரோல் எஞ்சின்: மலையேற்றத்தில் சக்தி விழுகிறது, டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: சத்துவாச்சாரி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பா 2005இல் வாங்கி இன்றுவரை கண்ணும் கருத்துமாக வைத்திருந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கார் இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல்.

வேலூர் ஊருக்குள், கிரீன் சர்க்கிள் நெரிசலிலும் காட்பாடி சாலையிலும் ஓட்டும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. ஆனால் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் ஓட, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, பாதி மலையிலேயே இழுவை திடீரென்று விழுந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்பக்கத்திலிருந்து 'உஸ்' என்று காற்று ஒழுகும் ஓசை கேட்கிறது. எஞ்சின் விளக்கும் எரிகிறது. வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினால் சிறிது தூரத்துக்குச் சரியாக ஓடுகிறது.

இங்குள்ள ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பி1297 என்ற பிழைக்குறி வந்திருப்பதாகவும், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போய்விட்டது, முழுவதுமாக மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகை, காரின் இன்றைய விலையில் பெரும்பங்கு. செலவு செய்வதற்கு முன் இந்த எஞ்சினின் அடிப்படை விவரங்களையும், வழக்கமாக எங்கே பழுதாகும் என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1: ராணிப்பேட்டை பொறியாளர்

வணக்கம். முதலில் விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எஞ்சினின் கொள்ளளவு 1,781 சி.சி.; சிலிண்டர் விட்டம் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 86.4 மி.மீ. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று இன்டேக் வால்வு, இரண்டு எக்ஸாஸ்ட் வால்வு என்பதால்தான் மொத்தம் 20. சக்தி நிமிடத்துக்கு 5,700 சுற்றில் 150 குதிரைத்திறன். முறுக்குவிசை 210 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,750 சுற்றிலிருந்தே கிடைக்கத் தொடங்கும். டர்போ சிறிய கே03 வகை. ஆடி, ஃபோக்ஸ்வாகன், சியாட் கார்களிலும் இதே குடும்பத்து எஞ்சின் வெவ்வேறு சக்தி அளவுகளில் வந்திருப்பதால், அதன் நோய்களும் மருந்துகளும் உலகெங்கும் நன்கு அறியப்பட்டவை. பழைய கார் வைத்திருப்பவருக்கு இது பெரிய அனுகூலம்.

இனி உங்கள் பிழைக்குறிக்கு வருவோம். டர்போவுக்கும் திராட்டிலுக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) இடையில் காற்றழுத்தம் குறைகிறது என்பதே பி1297 சொல்லும் செய்தி. டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. நீங்கள் கேட்ட 'உஸ்' ஓசையையும் சேர்த்துப் பார்த்தால், டர்போ தள்ளும் காற்று வழியில் எங்கோ கசிகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கைக்கு முதலில் எட்டுவது டைவர்ட்டர் வால்வு, அதாவது ஆக்சிலரேட்டரை விட்டவுடன் மிகுந்த காற்றழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வு. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து கிழிந்துபோவது மிகச் சாதாரணம். வால்வைக் கழற்றி, விரலால் உள்ளே அழுத்தி, மெல்லிய வாக்குவம் குழாய் பொருந்தும் சிறு துளையை இன்னொரு விரலால் அடைத்துவிட்டு, அழுத்திய விரலை எடுங்கள். உள்ளே போன பகுதி அப்படியே நின்றால் சவ்வு நலமாக இருக்கிறது. மெல்ல மெல்ல வெளியே வந்துவிட்டால் கிழிந்திருக்கிறது.

அடுத்தது ஹோஸ்கள். குழாய்க் கடையில் கிடைக்கும் பி.வி.சி. மூடி ஒன்றில் டியூப் வால்வைப் பொருத்தி, டர்போவின் காற்று நுழைவாயில் ஹோஸில் கிளிப் போட்டு இறுக்கி, பஞ்சர் கடை கம்ப்ரசரில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் காற்று ஏற்றுங்கள். கிராங்க் கேஸுக்கு (எஞ்சினின் அடிப்பெட்டி) போகும் பிரீதர் ஹோஸை (எஞ்சினின் உள்வாயுவை வெளியேற்றும் குழாய்) முன்னதாகக் கழற்றி இரு பக்கமும் அடைத்துவிடுவது அவசியம். இல்லையென்றால் அந்த அழுத்தம் எஞ்சினுக்குள் போய் ஆயில் சீல்களைப் பாதிக்கும். பிறகு இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) இணைப்புகள் முதல் திராட்டில் வரை சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடம் நுரைத்துக் காட்டும்.

டர்போவையும் சோதித்துவிடலாம். நுழைவாயில் ஹோஸைக் கழற்றி, ஆறிய நிலையில், நடுத்தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிதளவு அசைவது இயல்பு. முன்னும் பின்னுமாக அசைந்தாலோ, இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருந்தாலோதான் டர்போவைக் குறை சொல்ல வேண்டும்.

பதில் 2: காட்பாடி மெக்கானிக்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஹோஸ் சரியானதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள் தம்பி. இந்த எஞ்சின்களில் பல செத்ததற்குக் காரணம் ஆயில். இதே குடும்பத்து எஞ்சினை நீளவாக்கில் பொருத்திய ஃபோக்ஸ்வாகன் பசாட், ஆடி ஏ4 கார்களில் ஆயில் கெட்டியாகிக் கசடு சேரும் சிக்கல் பெரிதாகி, அமெரிக்காவில் அதற்கென்றே உத்தரவாதக் காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். உங்கள் காரில் எஞ்சின் குறுக்குவாக்கில் இருப்பதால் சம்ப்பில் (எஞ்சினடி ஆயில் தொட்டி) ஆயில் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். அபாயம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. டர்போவின் சூட்டில் வெந்த ஆயிலை நெடுநாள் மாற்றாமல் ஓட்டினாலோ, விலை குறைவு என்று மினரல் ஆயில் ஊற்றினாலோ, கசடு அடியில் படிந்து ஆயில் உறிஞ்சும் குழாயின் ஸ்ட்ரெய்னரை (சல்லடை) அடைத்துவிடும். அடைத்தால் முதலில் பட்டினி கிடப்பது டர்போவும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளும்தான்.

டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயும் எக்ஸாஸ்ட் சூட்டுக்கு மிக அருகில் செல்கிறது. அதன் உட்புறம் ஆயில் கரிந்து ஒட்டி, துவாரம் சிறுத்துவிடும். பழைய குழாயை அப்படியே வைத்துவிட்டுப் புது டர்போ பொருத்தினால் புதியதும் அதே வழியில் போய்விடும். இதைச் சொல்லாமல் டர்போவை மட்டும் மாற்றித் தருவது எனக்கு மனம் ஒப்பாத வேலை.

கசடு இருப்பதாகத் தெரிந்தால் எஞ்சின் ஃப்ளஷ் (கசடைக் கரைக்கும் திரவம்) ஊற்றாதீர்கள். உதிர்ந்த துண்டுகள் நேராக ஸ்ட்ரெய்னருக்கே போகும். சம்ப்பை இறக்கி, உறிஞ்சும் குழாயைப் புதிதாகப் போட்டு, கையால் சுத்தம் செய்வதே முறை. இந்த காரில் டர்போவின் ஆயில் திரும்பும் குழாய் சம்ப்பில்தான் வந்து சேர்கிறது. அதன் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் எஞ்சினுக்குக் கீழே உள்ள சப் ஃப்ரேமைத் தொடாமலே சம்ப் இறங்கும். பிறகு ஃபோக்ஸ்வாகனின் வி.டபிள்யூ. 502 00 தரம் பொறித்த 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக் ஆயில் ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலுக்கு 7,500 கிலோமீட்டருக்கு மேல் அதை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஏலகிரி ஏறி முடித்தவுடன் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடமாவது எஞ்சினை ஓடவிடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் டர்போவின் சூடு இறங்கினால், உள்ளே நிற்கும் ஆயில் கரியாது.

பதில் 3: ஆற்காடு வாசகர்

வேலூர் கோடையில் 40 டிகிரிக்கு மேல் போகும்போது குளிர்விக்கும் அமைப்பைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பின் இறக்கை பிளாஸ்டிக்காக வந்தது. அது விரிசல் விட்டுத் தண்டில் சுற்றாமல் நின்றுவிட்டால் கூலன்ட் ஓடாது. பம்ப்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் என்பதால் இரண்டையும், பெல்ட்டை இறுக்கிப்பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து ஒரே முறையில் மாற்றிவிடுவது நல்லது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை மோதும் வகை எஞ்சின் இது. அந்தச் செலவு டர்போ செலவை விஞ்சிவிடும். உங்கள் சித்தப்பாவிடம் கடைசியாகப் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

டேஷ்போர்டின் வெப்பநிலை முள்ளை முழுவதும் நம்ப வேண்டாம். நிஜ வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் அது 90இலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஓ.பி.டி. கருவி (காரின் கணினியைப் படிப்பது) ஒன்றைச் செருகி உண்மை எண்ணைப் பாருங்கள். கூலன்ட் சிவப்பு நிற ஜி12 வகை. பச்சைக் கூலன்ட்டை அதனுடன் கலந்தால் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை இந்த எஞ்சினுக்கு 95 ஆக்டேன் விரும்பத்தக்கது. 91இலும் ஓடும், எஞ்சின் தட்டலை உணரும் நாக் சென்சார் பற்றவைப்பைப் பின்தள்ளிக் காப்பாற்றும், ஆனால் ஏற்றத்தில் சக்தி சற்றுக் குறையும். இப்போதைய 20 விழுக்காடு எத்தனால் பெட்ரோலை மனதில் வைத்து வடிவமைத்த கார் அல்ல இது. ஆகவே பெட்ரோல் ஹோஸ்களை வருடம் ஒரு முறை பாருங்கள்; டேங்க்கை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்திவைக்காதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி: சத்துவாச்சாரி வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டைவர்ட்டர் வால்வைக் கழற்றி, சொன்னபடி சோதித்தேன். விரலை எடுத்தவுடனேயே அது வெளியே வந்துவிட்டது. சவ்வில் கிழிசல் கண்ணுக்கே தெரிந்தது. சோப்புத் தண்ணீர் சோதனையில் இன்டர்கூலரின் கீழ் இணைப்பிலும் நுரை வந்தது. டர்போ தண்டு முன்பின்னாக அசையவில்லை, இறக்கைகளில் உரசலும் இல்லை. ஆனால் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தபோது உட்புறம் கருப்பாகக் கெட்டியான படிவு இருந்தது. புது வால்வும் ஹோஸும் போட்டுவிட்டு மலையேறிப் பார்க்கலாமா, அல்லது சம்ப் வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? டைமிங் பெல்ட்டுக்கு ரசீதும் கிடைக்கவில்லை.

பதில் 4: காட்பாடி மெக்கானிக்

காத்திருங்கள். வால்வும் ஹோஸும் போட்டபின் டர்போ முழு அழுத்தம் தரத் தொடங்கும். அடைபட்ட ஸ்ட்ரெய்னரோடு அந்தச் சுமையை இப்போது ஏற்றக் கூடாது. முதலில் ஆயில் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்: ஆயில் நன்றாகச் சூடான பின், 2,000 சுற்றில் 3 பாருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எவ்வளவு வந்தாலும் அந்தப் படிவைப் பார்த்தபின் சம்ப்பை இறக்கத்தான் வேண்டும். குறைவாக வந்தால் அதற்குமுன் காரை ஓட்டவே வேண்டாம், கார் ஏற்றும் வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சம்ப் வேலையின்போதே டர்போவின் ஆயில் குழாயையும், பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றிவிடுங்கள். உறிஞ்சும் குழாய், பெல்ட், பம்ப் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் தேடுவதென்றால், இன்டர்கூலரின் கெட்டிக் குழாய்கள் போன்ற தேயாத பொருட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புது ஆயில் ஊற்றியபின் முதல் மாற்றத்தை 1,000 கிலோமீட்டரிலேயே செய்து, வடிந்து வரும் ஆயிலின் நிறத்தையும் ஃபில்டரை அறுத்து உள்ளே இருப்பதையும் பார்த்துவிட்டு, அதன்பிறகு ஏலகிரிக்குக் கிளம்புங்கள்.