புதுப்பிப்பு: பிரேக் மிதி சரியாகிவிட்டது

மலை இறக்கத்தில் நாலைந்து தடவை அழுத்தியதும் என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் மிதி பஞ்சு மாதிரி இறங்குகிறது, பெரிய டிஸ்க் கிட் வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். வாங்கவில்லை, தேவையும் படவில்லை.

பிரேக் ஆயில் கறுத்துக் கிடந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். சூட்டில் ஆவிக் குமிழி கட்டி மிதி தளர்ந்திருக்கிறது. ஆயிலை முழுவதும் மாற்றி, பிரேக் குழாய்களில் இருந்த காற்றை வெளியே எடுத்தேன். அப்புறம் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) நகர உதவும் பின்களில் இறுகியிருந்த ஒன்றைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தேன். மிதி இப்போது கல் மாதிரி நிற்கிறது!

மிச்சப் பணம் டயருக்கு. பக்கவாட்டில் 2314 என்றிருக்கிறது, அதாவது 2014-இன் 23வது வாரம். பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடுகள்) இன்னும் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிவிட்டது. சஸ்பென்ஷனைத் தாழ்த்துவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.