பழைய ரம்ப மில் வாங்கி இழுத்து வந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கருங்காலி:

நாடா ரம்ப மில் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: மரத்தடியைப் படுக்க வைத்து, நாடாபோல வளையமாக ஓடும் பிளேடால் பலகை அறுக்கும் இயந்திரம். பழையது ஒன்று வாங்கினேன். சக்கரம் வைத்த மாடல், பெட்ரோல் இன்ஜின், தடியைத் தூக்கிப் போட ஹைட்ராலிக் கைகள். இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு, பேண்ட் வீல் பெல்ட், கைடு ரோலரின் ஆட்டம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு தடியை ஏற்றி அறுத்தும் காட்டினார்கள். பலகை முனையிலிருந்து முனைவரை ஒரே கனம். வாங்கி, வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் நிறுத்தினார்கள். அதிகாரி விளக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், சங்கிலியை உலுக்கிப் பார்த்தார். அப்புறம் டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் இழுவைத் தண்டுப் பக்கம் குனிந்து விரலால் தடவினார். உச்ச எடையும் வரிசை எண்ணும் பொறித்த தகடு இருக்க வேண்டிய இடத்தில் நாலு ரிவெட் துளைகள். "இது எத்தனை கிலோ தாங்கும் என்று எதைப் பார்த்து நான் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். மில் அங்கேயே நின்றது, நான் வெறும் வண்டியோடு வீடு வந்தேன்.

அது போகட்டும். என்னை அரிப்பது வேறு. பணம் கைமாறும்வரை விற்றவர் அந்தத் தண்டின் மேல் கை ஊன்றியபடியே நின்றார். இன்ஜினைக் கிளப்பியது அவர் மகன். தடியை அறுத்துக் காட்டியதும் மகன்தான். நான் மில்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன், அவர் ஓர் அடி நகரவில்லை. இப்போது யோசித்தால் கை இருந்த இடம் சரியாக அந்த நாலு துளையின் மேல். தெரிந்து மறைத்தாரா, சும்மா சாய்ந்து நின்றாரா?

பலகைப்பித்தன்:

மறைத்தார். இதில் சந்தேகம் வேறா? சாய்ந்து நிற்கிறவன் கால் மாற்றி நிற்பான், இடம் மாறுவான்.

எனக்கு மில் விற்றவர் தகட்டை எல்லாம் மறைக்கவில்லை. ரம்பத் தலையைப் பூட்டும் ஒரிஜினல் பின் தொலைந்துவிட்டது, அதற்குப் பதில் வளைந்த கம்பித் துண்டு ஒன்றைச் செருகிக் கொடுத்தார். "இதை வைத்துத்தான் இத்தனை வருஷம் இழுக்கிறேன்" என்றார். வேறு பின் போட்டுத் தாருங்கள் என்றதற்குச் சிரித்தார்.

இன்ஜின், வீல்கள், பெல்ட் எல்லாம் அந்தத் தலையில்தான் இருக்கிறது. மில்லின் எடையில் பெரும்பங்கு அதுதான், அதுவும் தண்டவாளத்தில் ஓடுவதற்கென்றே செய்தது. என் மாடலில் பயணத்தின்போது தலை முன்பக்கம், கொக்கிக்கு அருகில் நிற்க வேண்டும். நீண்ட மேடு ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தேன். பின்பார்வைக் கண்ணாடியில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த இன்ஜின் மெதுவாகச் சின்னதாகிக்கொண்டே போயிற்று. சில நொடி எனக்கு என்னவென்றே விளங்கவில்லை. அப்புறம் காரின் பின்பக்கம் மேலே எழும்பியது. மேடு முடிந்து இறக்கம் தொடங்கியதும் மில் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். தானாக அடங்கியது. இன்றும் கண்ணாடியில் ஏதாவது சின்னதாகத் தெரிந்தால் வயிறு ஒரு முறை புரளும்.

அச்சாணி:

கருங்காலி, பலகைப்பித்தன் பேச்சைக் கேட்டு அந்த மனிதரைத் திருடனாக்கிவிடாதீர்கள். மில்கள் பல நேரம் சக்கரமில்லாமல், தரையில் நிற்கும் மாடலாகத்தான் விற்கப்படுகின்றன. பிறகு யாராவது கீழே ஓர் அச்சை வெல்டு செய்துவிடுவார்கள். அதற்குத் தகடே இருந்திருக்காது. நாலு துளை வேறு எதற்காகவும் இருக்கலாம்.

என் அனுபவம் சின்னது. கொட்டகையில் வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த மில். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே நிறுத்திச் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். இடது பக்கம் வெதுவெதுப்பு. வலது பக்கத்தில் கை வைக்கவே முடியவில்லை. பாட்டில் தண்ணீரைச் சாய்த்தேன், சுர்ரென்று ஆவியாகிவிட்டது. பேரிங்கில் கிரீஸ் கட்டியாகக் காய்ந்திருந்தது. அவ்வளவுதான் கதை.

இனி வாங்கப்போகிறவர்களுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன். தகட்டில் உள்ள வரிசை எண், மில்லின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும் எண், உரிமைப் பத்திரத்தில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பணத்தைப் பைக்குள் வையுங்கள். அடுத்தது எடை. கார் இழுக்கக்கூடிய எடை, காரில் பொருத்திய கொக்கி தாங்கும் எடை, டிரெய்லர் கப்ளர் (தண்டின் நுனியில் கொக்கியைக் கவ்வும் பூட்டு) தாங்கும் எடை, டிரெய்லர் தகட்டில் போட்டிருக்கும் எடை என்று நாலு எண்கள் இருக்கும். நாலில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. காரின் விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

லைசென்ஸ் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண பி வகை லைசென்ஸ் உள்ளவர் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுத்தால், காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. பி96 என்ற கூடுதல் அனுமதி எடுத்தால் 4,250 வரை போகலாம். அதற்கும் மேல் பிஇ வகை லைசென்ஸ். பிரிட்டனில் 1997க்குப் பிறகு கார் தேர்வு எழுதியவர்களும் 2021 டிசம்பர் 16 முதல் தனித் தேர்வு இல்லாமல் 3,500 கிலோ டிரெய்லரை இழுக்கலாம். இங்கெல்லாம் கணக்கு தகட்டில் உள்ள உச்ச எடைக்கு. வெறும் மில் லேசாகத்தானே இருக்கிறது என்ற பேச்சு எடுபடாது. அதனால்தான் தகடு இல்லையென்றால் அதிகாரிக்கும் கை கட்டிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் பிரேக் கட்டாயம், 2,000க்கு மேல் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும், கொக்கி கழன்றால் தானாகப் பிடிக்கும் பிரேக்கும் வேண்டும்.

மின்சார பிரேக் உள்ள மில் என்றால் இழுக்கும் வண்டியில் அதற்கான கன்ட்ரோலர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் இருந்தும் இல்லாததுதான். டயரில் பூ (தேயாத வரிப்பள்ளம்) இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். மில் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்றே வெடிக்கின்றன. கார் கொக்கியின் முனையில் உள்ள உருண்டைக் குண்டின் அளவையும் பாருங்கள். 2 அங்குலக் கப்ளருக்குள் 1 7/8 அங்குலக் குண்டு அழகாக உட்காரும், தாழ்ப்பாளும் விழும், பெரிய குழியில் கழன்றுகொள்ளும். கப்ளரைப் பூட்டிய பிறகு தண்டைத் தாங்கும் ஜாக்கிச் சக்கரத்தைச் சுழற்றி மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பிடித்திருக்கிறது. சங்கிலிகளைத் தண்டுக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள், கழன்றாலும் தண்டு தரையில் குத்தாது. கொக்கியின் மேல் விழும் எடை மொத்தத்தில் பத்து சதவீதம் இருக்கட்டும்.

ஈரப்பலகை:

அச்சாணி சார், கடைசி வரி எல்லோருக்கும் பொருந்தாது. பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் எல்லாம் அமெரிக்க வழக்கம். ஐரோப்பியக் கார்களின் கொக்கியில் பெரும்பாலும் 75 முதல் 100 கிலோ வரைதான் அனுமதி. 1,500 கிலோ மில்லுக்குப் பத்து சதவீதம் என்றால் 150. கார் கையேட்டில் உள்ள எண்ணைத் தாண்டினால் அதுவும் குற்றம்தான். உச்ச அளவைத் தாண்டாமல், அதற்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்க வேண்டும், அதுதான் சரி.

நான் இதில் மாட்டியது மில்லால் அல்ல, பிளேடுப் பெட்டியால். விற்றவர் பாசமாகப் பழைய பிளேடுகள், கூர்தீட்டும் இயந்திரம், ஒரு டப்பா ஹைட்ராலிக் ஆயில் எல்லாம் இலவசமாகக் கொடுத்து, அவரே தண்டின் மேல் வைத்துக் கட்டியும் விட்டார். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எதிரே வந்த லாரிக்காரர் முகப்பு விளக்கை அடித்து அடித்துக் காட்டினார், என் விளக்கு அவர் கண்ணில் குத்தியிருக்கிறது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் வாய் அசைந்ததை ஊகிக்க முடிந்தது.

அச்சாணி:

கையேடு இருந்தால் கையேடு. நான் சொன்னது கையேடு தொலைந்தவர்களுக்கு. கையேடு தொலைத்தவர்கள்தான் அதிகம்.

தச்சன்மகள்:

எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். ரம்ப மில்லில் அறுக்கும் மேடையும் டிரெய்லரின் சட்டமும் ஒன்றேதான். சாலையில் படும் அடி நேராகப் பலகையில் தெரியும்.

நான் பார்க்கப் போன மில் பளபளவென்று இருந்தது. அறுத்துக் காட்டிய பலகை ஒரு முனையில் தடியாக, இன்னொரு முனையில் மெலிந்து வந்தது. "பிளேடு மழுங்கியிருக்கு" என்றார் விற்றவர். மழுங்கிய பிளேடு பலகையை அலை அலையாக அறுக்கும், இப்படி ஒரே சீராகச் சரிக்காது. மில்லைத் தாங்கும் நாலு காலையும் இறக்கிச் சமன்படுத்தச் சொன்னேன். மேடையின் இரண்டு மூலைவிட்டங்களிலும் ஒவ்வொரு நூல் இழுத்துக் கட்டினேன். சமமாக இருந்தால் இரண்டும் நடுவில் தொட்டுக்கொள்ளும். இங்கே நடுவில் என் சுண்டுவிரல் நுழைந்தது. நூல்களை மேல் கீழாக மாற்றிக் கட்டினேன், அப்போது ஒன்றை ஒன்று அழுத்தியது. சட்டம் முறுக்கேறியிருந்தது.

அப்போதுதான் அவர் பேரன், பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும், சொன்னான்: "தாத்தா, போன தடவை தடி மேலே இருக்கும்போதே இழுத்துட்டு வந்தோமே, அதனாலயா?" பெரியவர் பையனைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் நூலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு வீட்டில் என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

வெட்டிப்பேச்சு:

இவ்வளவு தலைவலி எதற்கு? இழுக்கவே இழுக்காதீர்கள், பிளாட்பெட் லாரியில் ஏற்றிவிடுங்கள். சரக்கைக் கட்டும் பெல்ட்டை ரம்பத் தலையில் போடாதீர்கள், சட்டத்தில் போடுங்கள். மில்லின் சக்கரத்தில் ஸ்பிரிங் இருந்தால் அது லாரியின் மேலும் குதிக்கும், பெல்ட் தளரும், அதனால் கால்களை இறக்கி எடையை அதன் மேல் விடுங்கள். ஐரோப்பாவில் சரக்கைக் கட்டும் கணக்கு முன்பக்கமாக எடையில் 0.8 மடங்கு, பக்கவாட்டிலும் பின்னுக்கும் 0.5 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது. முன்பக்கத்துக்கு ஏன் அதிகம்? பிரேக். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் கொடி. ஏற்றும்போது சாய்தளத்தின் கோணத்தைப் பாருங்கள், தண்டு தரையில் இடிக்கும். லாரியின் மேல் நின்ற பிறகு மொத்த உயரத்தை அளந்து ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

பலகைப்பித்தன்:

உங்கள் அனுபவம் எங்கே?

வெட்டிப்பேச்சு:

நான் மில் வாங்கியதில்லை. மற்றவர்கள் வாங்கியதை ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

கருங்காலி:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. கடைசியில் லாரியில்தான் வந்து சேர்ந்தது, வெட்டிப்பேச்சு சொன்னபடியே. இப்போது சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒரே இடத்தில் நிறுத்தியிருக்கிறேன், தடி மில்லைத் தேடி வருகிறது. அச்சுக்குப் புதுத் தகடு வாங்க வேண்டுமென்றால் யாராவது தகுதியுள்ளவர் சோதித்துச் சான்று தர வேண்டுமாம். வெல்டுகளைப் பார்த்தபின் அந்த ஆசையும் போய்விட்டது. அச்சாணி சொன்னதுபோல, அச்சு பிற்பாடு ஒட்டியதுதான். ஆனால் தண்டு ஒட்டியதில்லை. நாலு துளைக்குச் சுற்றிலும் பெயின்ட் நீள்சதுரமாக வெளிறியிருக்கிறது. அங்கே ஒரு தகடு இருந்திருக்கிறது.

அச்சாணி:

நீள்சதுரமாகவா? சரி, அப்படியானால் என் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். பாதி.

சுள்ளி:

இதற்குத்தான் நான் செயின்சா மில்லோடு, அதாவது சங்கிலி ரம்பத்தில் பலகை அறுக்கப் பொருத்தும் சட்டத்தோடு, நிறுத்திக்கொண்டேன். கார் டிக்கியில் போகும். தகடு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், மரம் விழுந்த இடத்திலேயே பலகை. ஒரு முறை என்னையும் வழியில் நிறுத்தினார்கள். டிக்கியைத் திறந்து அலுமினியச் சட்டத்தைப் பார்த்துவிட்டு "ஏணியா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. நீங்களெல்லாம் ஏன் இரண்டு டன் இரும்போடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்றுதான் புரியவில்லை.

தச்சன்மகள்:

மரத்தூளுக்காக. உங்கள் செயின் ஒரு வெட்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் தின்கிறது, நாடா ரம்பம் இரண்டரை. பத்து வெட்டு போட்டால் உங்களுக்கு 80 மில்லிமீட்டர் தூளாகப் போகும், எனக்கு 25. நான் அறுப்பது 25 மில்லிமீட்டர் பலகை. அதாவது ஒவ்வொரு தடியிலும் இரண்டு பலகை உங்கள் செருப்புக்கடியில் கிடக்கிறது.

சுள்ளி:

தூளை நான் விற்றுவிடுகிறேன், அக்கா.